நம்ம பட்டப்பேரு எங்கேருந்து வந்துச்சு? டிஎன்ஏ டெஸ்ட் எடுக்குறதுக்கு முன்னாடி படிங்க

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா குடும்பப் பேரோட பூர்வீகம் தெரிஞ்சிடுமான்னு சொந்தக்காரங்க நிறைய பேரு கேக்குறாங்க, ஏன்னா சிங்கப்பூர்ல இருக்குற எங்க வீட்டுல எடுத்தோம். தெரியும், ஆனா எடுக்குற விதமா எடுக்கணும்.

வெள்ளக்காரங்களுக்கு சர்நேம் அப்பாகிட்டேருந்து புள்ளைக்கு அப்படியே எறங்கிக்கிட்டே வரும். நமக்கு அப்படியா? என் ஐசில, அதாவது அடையாள அட்டைல, டாட்டர் ஆஃப் போட்டு அப்பா பேரு, அப்பா ஐசில சன் ஆஃப் போட்டு தாத்தா பேரு, ரெண்டு தலைமுறை தாண்டுனா பேரே வேற. அத வச்சுத் தேடுனா ஒன்னும் கெடைக்காது. நம்மகிட்ட அப்பா வழியா மாறாம வர்றது வேற. தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் வாண்டையார், மழவராயர், சேதுராயர்னு பட்டப்பேரு இருக்கு, கொங்குப் பக்கம் கூட்டம்னு குலப்பேரு, நகரத்தாருக்கு ஒம்பது கோயில் பிரிவு, பெரும்பாலான வீட்டுக்கு குலதெய்வம். சர்நேம்னு நீங்க தேட வேண்டியது இதத்தான்.

ஆம்பளைங்ககிட்ட மட்டும் இருக்குற ஒய் குரோமோசோமும் இதே வழியிலதான் போகுது, அப்பாகிட்டேருந்து மகனுக்கு மட்டும். அதனால ஒய் டெஸ்ட் காட்டுறது உங்க பங்காளிய. தாய்மாமன், அத்தை மகன் யாரும் அதுல வரமாட்டாங்க. இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா எந்த டெஸ்ட் எதுக்குன்னு கொழப்பமே வராது. பட்டப்பேரு தேடுறீங்கன்னா ஒய், அம்மாவோட அம்மாவோட அம்மான்னு போறதுக்கு மைட்டோகாண்ட்ரியா, ரெண்டு பக்கச் சொந்தமும் கலந்து வேணும்னா ஆட்டோசோமல். ஆட்டோசோமல்தான் வெல கம்மி, எல்லாரும் அதத்தான் வாங்குறாங்க, ஆனா அதுல கொள்ளுத் தாத்தா ஒருத்தரோட பங்கு சராசரியா 12.5 சதவீதம்தான், அதுக்கு மேல போகப் போகப் பாதி பாதியா கொறஞ்சுக்கிட்டே போகும். ஒய்க்கு ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏங்கற கம்பெனில 37 மார்க்கர் (ஒய்ல ஒப்பிட்டுப் பாக்குற எடம்) டெஸ்ட்ல ஆரம்பிச்சாப் போதும், தேவைப்பட்டா அப்புறம் 111 மார்க்கருக்கோ இன்னும் வெவரமான பிக் ஒய்-700-க்கோ போய்க்கலாம்.

யாரு எடுக்கணும்ங்கறது முக்கியம். நான் பொண்ணு, எனக்கு ஒய் கெடையாது, அப்பாவும் இல்ல, கூடப் பொறந்த ஆம்பளையும் இல்ல. அதனால தோ பாயோல இருக்குற பெரியப்பாதான் எடுத்தாரு, வயசு 84. உங்க வீட்டுலயும் அப்பா வழியில உள்ள மூத்த ஆம்பளையா பாத்து எடுக்கச் சொல்லுங்க, அவருகிட்ட ஒய்யும் இருக்கும், கதையும் இருக்கும். கிட் வர்றதுக்குள்ள அவருகிட்ட ஒக்காந்து பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க. எந்தக் கப்பல்ல வந்தாங்க, நாகப்பட்டினத்துல ஏறுனாங்களா மெட்ராஸ்லயா, குலதெய்வம் பேரென்ன, ஊர்ல பொங்கலுக்கு எந்தக் கோயிலுக்குப் போவாங்க, இந்த மாதிரிக் கேளுங்க. பெரியப்பா ஊர் பட்டுக்கோட்டை பக்கம்னு சொன்னாரு, அத்தை இல்லவே இல்ல ஒரத்தநாடுன்னு சண்ட. அந்தச் சண்டதான் பின்னாடி எங்களுக்கு வழி காட்டுச்சு.

சாம்பிள் எடுக்குறப்ப அவசரப்படாதீங்க. சில கம்பெனி எச்சில துப்பச் சொல்லும், சில கம்பெனி கன்னத்து உள்பக்கம் குச்சிய வச்சுத் தேய்க்கச் சொல்லும். வயசானவங்களுக்கு எச்சில் சொரக்காது, குச்சிதான் நல்லது. மொத தடவ பெரியப்பா காலைல கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடிச்ச கையோட எடுத்துட்டோம், அந்த சாம்பிள் சரியில்லன்னு திரும்ப எடுக்கச் சொல்லிட்டாங்க, ரெண்டு மாசம் போச்சு. ரெண்டாவது தடவ வெறும் தண்ணில வாயக் கொப்பளிக்க வச்சு, ஒரு மணி நேரம் ஒன்னும் குடுக்காம, சமையக்கட்டு மேசைல ஒக்கார வச்சு, ரெண்டு கன்னத்துலயும் ஒரு நிமிஷம் நல்லா அழுத்தித் தேய்ச்சோம்.

ரிசல்ட் வந்தா மொதல்ல ஹாப்லோகுரூப்னு, அதாவது அப்பா வழிப் பரம்பரையோட பழைய கெளைக்கு, ஒரு எழுத்து வரும், நம்ம ஆளுங்களுக்கு எச், எல், ஆர்2, ஜே2ன்னு எதாவது. அது பல ஆயிரம் வருஷத்துக் கத, அத வச்சு இந்த ஜாதி அந்த ஜாதின்னு முடிவு கட்டாதீங்க, ஒரே ஊர்ல ஒரே பட்டப்பேருக்குள்ளயே நாலஞ்சு குரூப் இருக்கும். தத்து எடுத்துருப்பாங்க, வீட்டோட மாப்பிள்ளையா வந்துருப்பாங்க, ராஜா குடுத்த பட்டமா இருக்கும். இந்த மாதிரி எதுவும் வெளிய வரலாம்னு வீட்டுல முன்கூட்டியே சொல்லி வைங்க, பின்னாடி யாரும் மனசு ஒடஞ்சு போகக்கூடாது.

ஆட்டோசோமல்ல இன்னொரு சிக்கல். சித்தப்பா பெரியப்பா புள்ளைங்களுக்குள்ள சராசரியா 850 சென்டிமார்கன் (டிஎன்ஏ எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு அளக்குற அலகு) சுமாருக்கு ஒத்துப்போகும். ஆனா நம்மள்ல மாமன் மக, அத்தை மகன்னு தலைமுறை தலைமுறையா கட்டிக்கிட்டதால தூரத்துச் சொந்தம்கூட கிட்டத்துச் சொந்தம் மாதிரி காட்டும். கம்பெனி மூணாவது கசின்னு சொன்னா ஒடனே நம்பிடாதீங்க.

மேட்ச் நிறைய வரும்னு எதிர்பாக்காதீங்க, நம்ம ஆளுங்க டெஸ்ட் எடுத்ததே கம்மி. அதனால காத்திருக்காம நீங்களே ஒருத்தரத் தேடி எடுக்க வைங்க, என் அனுபவத்துல இதுதான் பலன் குடுத்துச்சு. அதுக்கு காகிதம் வேணும். தாத்தாவோட பொறப்பு, எறப்புப் பதிவ குடிநுழைவு ஆணையமான ஐசிஏல தேடிக் கேக்கலாம். தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி வெப்சைட்ல பழைய தமிழ் முரசு பேப்பர் இருக்கு, அதுல வர்ற மரண அறிவிப்புல சொந்த ஊர் பேரு அடிக்கடி இருக்கும். ஆபீஸ்ல கேட்ட மாதிரி இங்கிலீஷ்ல எழுதிருப்பாங்க, முத்தையா ஒரு காகிதத்துல ஒரு மாதிரி, இன்னொன்னுல வேற மாதிரி, அதனால அஞ்சாறு ஸ்பெல்லிங்ல தேடுங்க. ஊர்ச் சங்கத்தையும் கேளுங்க, கடையநல்லூர்க்காரங்களுக்கு 1941லேருந்து இங்க சங்கம் இருக்கு.

எங்களுக்கு தாத்தாவோட தம்பி மரண அறிவிப்புல ஊர் பேரு கெடச்சுச்சு, ஒரத்தநாடு பக்கம்தான், அத்தை சொன்னது சரி. அதே ஊர், அதே பட்டப்பேரு, அதே குலதெய்வம் உள்ள தம்பி ஒருத்தர் இங்க கட்டட வேல பாக்குறாரு. ஞாயித்துக்கெழம லிட்டில் இந்தியா பக்கம் தேக்கால சந்திச்சு, எதுக்குன்னு முழுசா சொல்லி, அவங்க அப்பாகிட்டயும் போன்ல சம்மதம் கேட்டு, காசு நாங்க கட்டி எடுக்க வச்சோம்.

தகவல் பாதுகாப்பையும் யோசிங்க. 23அண்ட்மீங்கற டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனில 2023ல சுமார் 69 லட்சம் பேரோட விவரம் திருடு போச்சு, 2025 மார்ச்ல அந்தக் கம்பெனி திவால் மனு போட்டுச்சு. முழுப் பேருக்குப் பதிலா இனிஷியல் போடுங்க, ரிசல்ட் வந்ததும் ரா டேட்டாவ டவுன்லோட் பண்ணி வச்சுக்குங்க, பெரியவங்க கணக்க யாரு பாத்துக்கிறதுன்னு இப்பவே எழுதி வைங்க.

அந்தத் தம்பிக்கும் பெரியப்பாவுக்கும் 37 மார்க்கர்ல 36 ஒத்துப்போச்சு. எந்தத் தாத்தா பொதுன்னு இந்த நம்பர் சொல்லாது, அதுக்கு ஊர்ல போய்த்தான் கேக்கணும். வர்ற மாசி சிவராத்திரிக்கு பெரியப்பாவக் கூட்டிக்கிட்டு குலதெய்வம் கோயிலுக்குப் போறோம், திருச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு, அத்தையும் வர்றாங்க.