பயிர் வட்டத்தில் கிரகம் தேடுவது எப்படி?

வயலில் பயிரைச் சாய்த்து மிதித்து வரையும் பெரிய கோலங்கள்தான் பயிர் வட்டங்கள். அவற்றைப் போட்டது யார் என்ற சண்டை இங்கே வேண்டாம். டக் பவர், டேவ் சோர்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பலகையும் கயிறும்தான் கருவி என்று 1991-லேயே ஒப்புக்கொண்டு, செய்தும் காட்டிவிட்டார்கள். மனிதர் போட்டதுதான். ஆனால் போட்டவர் வானத்தில் எதை மனதில் வைத்திருந்தார் என்று துப்புத் துலக்கலாம், சுவாரசியமே அதில்தான்.

தேவையானவை: நேர் மேலிருந்து எடுத்த படம், கோணமானி, நாசாவின் 'ஐஸ் ஆன் த சோலார் சிஸ்டம்' இணையதளம் (எந்தத் தேதியில் கிரகங்கள் எங்கே என்று காட்டும், இலவசம்). பக்கவாட்டில் எடுத்த படம் ஆகாது. வட்டம் நீள்வட்டமாகிக் கோணமெல்லாம் பொய் சொல்லும்.

படி 1: எண்ணுங்கள்

எத்தனை இதழ், எத்தனை முனை? ஆறு என்றால் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். பள்ளியில் கவராயத்தை அகலம் மாற்றாமல் வட்டத்தின் மேலேயே நகர்த்திப் பூப் போட்டிருப்பீர்கள். சரியாக ஆறு இதழ் வரும். வயலில் கயிறும் அதையேதான் செய்யும். ஆக, ஆறுக்கு அர்த்தம் தேடுவதற்கு முன் கயிற்றைச் சந்தேகப்படுங்கள். ஐந்து அப்படித் தானாக வராது, கணக்குப் போட்டால்தான் வரும். அதனால் எனக்கு ஐந்தின் மேல் மதிப்பு அதிகம்.

படி 2: பழைய சின்னத்தோடு ஒப்பிடுங்கள்

பழைய மெசபடோமியாவின் (இன்றைய ஈராக் பகுதி) எல்லைக் கற்களில் மூன்று சின்னங்களை அடிக்கடி சேர்த்துப் பார்க்கலாம்: பிறை (நிலாக் கடவுள் சின்), சூரிய வட்டு (சூரியக் கடவுள் ஷமாஷ்), எட்டு முனை நட்சத்திரம் (பெண் தெய்வம் இஷ்தார், அதாவது வெள்ளி). எட்டு மட்டுமல்ல, வெள்ளிக்கு ஐந்து என்ற எண்ணும் உண்டு. 584 நாளுக்கு ஒருமுறை அது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வரும். ஐந்து முறை வந்தால் எட்டு ஆண்டு. அந்த ஐந்து இடங்களையும் வரைந்தால் ஐங்கோணம்.

படி 3: கோணம் அளவிடுங்கள்

சூரியனைச் சுற்றிப் பாதைகள் வரைந்த வட்டம் என்றால் வேலை இங்கேதான். 2008 ஜூலையில் இங்கிலாந்தின் ஏவ்பரி மேனர் அருகே வந்தது அப்படிப்பட்டது. அதைப் படித்தவர்கள் சொன்ன தேதி 2012 டிசம்பர் 21. (2006-லேயே கிரகப் பட்டம் போன புளூட்டோவையும் விடாமல் வரைந்திருந்தார்கள்!)

படத்தில் வடக்கு எது என்று தெரியாது. அதனால் வெள்ளியைப் பூஜ்யமாக வைத்து, மற்றவை அதிலிருந்து இடஞ்சுழியாக எத்தனை டிகிரி தள்ளி இருக்கின்றன என்று குறியுங்கள். தளத்தில் சூரியக் குடும்பத்தை வடக்கிலிருந்து பார்த்து, தேதியை நகர்த்திப் பொருத்துங்கள். பொருந்தவில்லையா? படத்தைக் கண்ணாடிபோல் இடம் வலம் திருப்பி இன்னொருமுறை பாருங்கள்.

வியாழனும் சனியும் ஆண்டைச் சொல்லும். புதன் நாளைச் சொல்லும், சராசரியாக ஒரு நாளைக்கு 4 டிகிரி. ஆனால் மையத்திலிருந்து 5 மீட்டரில் 1 மீட்டர் அகல வட்டம் போட்டுப் புதன் என்றால், அந்த வட்டமே 11 டிகிரியை அடைத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட மூன்று நாள்! 'மிகச் சரியாக 21' என்பது வயலிலிருந்து வந்ததல்ல. அந்தத் தேதியில் உலகம் அழியும் என்ற மாயன் நாட்காட்டிப் பேச்சு அப்போது ஏற்கெனவே ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

படி 4: வேறு தேதியும் பொருந்துகிறதா?

பலர் தவிர்க்கும் படி இது. 1995-இல் ஹாம்ப்ஷயரின் லாங்வுட் வாரனில் வந்த வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதன், வெள்ளி, செவ்வாய் உண்டு. பூமியின் பாதை இருக்கிறது, பூமி இல்லை. பூமி அழியப்போகிறது என்று சிலர் கிளம்பினார்கள். மீதி மூன்றை வைத்து ஒரு தேதி பிடியுங்கள். வெள்ளி-செவ்வாய் இடைக்கோணம் ஏறத்தாழ 334 நாளுக்கு ஒருமுறை திரும்பும். அந்த அளவு தாவித் தாவிப் புதனை மட்டும் கவனியுங்கள். பத்து டிகிரி முன்பின் விட்டுக்கொடுத்தால், ஒன்றல்ல, பல தேதிகள் வரிசையில் நிற்கும்.