ஞாயிறு பாடியவர்கள் திங்களன்று விடும் தவறுகள்

மட்டக்களப்பின் புளியந்தீவில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த முதல் வருடம், காலை ஜெபக் கூட்டம் முடித்துக் கல்லடிப் பாலம் கடந்து வர எனக்கு எட்டே முக்கால் ஆகிவிடும். அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும். அந்தக் கால் மணி நேரம் என் கருமபீடத்தையும் சேர்த்துப் பார்த்தவர் காத்தான்குடியிலிருந்து வரும் மூத்த உத்தியோகத்தர் ஒருவர். அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் அவரை அழைப்போம். ஒரு நாள் அவர் விடுமுறை. படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் அம்மா, கடதாசிகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்தபடி என் வெறுங்கதிரைக்கு முன்னால் நின்றிருந்தார். கணவரை இழந்தவர், பென்சன் விடயமாக வந்திருந்தார். அன்று காலைக் கூட்டத்தில் விதவைகளுக்காக ஜெபித்தது நான்தான்.

பக்தியுள்ளவர்கள் முதலில் விடும் தவறு இதுதான். ஜெபத்துக்கு வேலை நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். அந்த நேரம் நம்முடையதல்ல. ஜெபிக்க வேண்டுமானால் அரை மணி முந்தி எழும்புங்கள்.

இரண்டாவது தவறு ‘ஊழியம்’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. சபையில் அந்தச் சொல்லுக்குப் பிரசங்கமும் சுவிசேஷமும் மட்டுமே பொருள். சட்டத்திலோ சம்பளத்துக்கு வேலை செய்கிற எவரும் ஊழியர்தான். வேதம் சட்டத்தின் பக்கமே நிற்கிறது என்பேன். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார் (அப்போஸ்தலர் 18:3). 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஓராண்டுக்குள் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நிற்கிறது. தையல்காரியின் நேர்த்தியான மடிப்பும் மேசனின் நேரான சுவரும் தேவனுக்கு முன் சின்ன விடயங்கள் அல்ல.

கடையோ பண்ணையோ நடத்தும் கிறிஸ்தவ முதலாளிகளிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். ‘எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று சொல்லிக்கொண்டு, வேலைக்கு நிற்கிற பிள்ளையின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியை விழுங்காதீர்கள். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்றால், அதிலிருந்து 8 வீதம், அதாவது 3,200 ரூபாய் கழிக்கப்படும். நீங்கள் உங்கள் பணத்திலிருந்து 12 வீதம், 4,800 ரூபாய் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,200 ரூபாய். அதுவும் உங்கள் பொறுப்பே, பிள்ளையின் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. அடுத்த மாதம் முடிவதற்குள் பணம் போய்ச் சேர வேண்டும். சிலர் 8 வீதத்தைக் கழித்தும் கட்டுவதில்லை. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, வயலை அறுத்தவர்களின் கூக்குரல் கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறது யாக்கோபு 5:4. அந்த வசனத்தை வாசித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆலயத்துக்குக் கொடுக்கிற தசமபாகம் இந்தக் கடனை அடைக்காது.

அடுத்தது பதவி உயர்வு. உபவாசம் இருந்து கேட்கிறோம், வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சைக்குப் புத்தகம் திறப்பதில்லை. அரச ஊழியருக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி தேவை என்று தெரிந்தும் சிங்களத்தைத் தள்ளிப்போடுகிறோம். அம்பாறை மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போய் சிங்களக் கோப்பு ஒன்றை வாசிக்க முடியாமல் நின்றவர்களுக்கு அதன் வலி தெரியும். மொழியின் பெயரால் நாம் பட்ட காயங்கள் எனக்கும் உண்டு, அதை இலேசாகச் சொல்லவில்லை. ஆனாலும் தானியேலை நினைத்துப் பாருங்கள். எருசலேமை முற்றுகையிட்ட பாபிலோன் ராஜாவின் அரண்மனையில், கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் படிக்கும்படி அவனுக்கு மூன்று வருடம் குறிக்கப்பட்டது. அவன் படித்துத் தேறினான், தன் தேவனையும் விடவில்லை.

அதே தானியேல் இன்னொரு தவறிலிருந்தும் நம்மைக் காப்பாற்றுவான். மேலதிகாரி பொய்ப் பற்றுச்சீட்டில் கையொப்பம் கேட்கும்போது, ‘அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும்’ என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிப் போட்டுவிடுகிறோம். அல்லது எல்லோர் முன்னிலையிலும் பிரசங்கம் செய்து அவரை அவமானப்படுத்துகிறோம். ராஜாவின் உணவை மறுத்த தானியேல் இரண்டையும் செய்யவில்லை. பொறுப்பாளரிடம் பணிவாகப் பேசி, பத்து நாள் பருப்பும் தண்ணீரும் தந்து சோதித்துப் பாரும் என்று மாற்று வழி சொன்னான். நீங்களும் ‘இந்தத் தொகையில் என்னால் கையொப்பமிட முடியாது, சேர், உண்மையான தொகைக்கு இப்போதே எழுதித் தருகிறேன்’ என்று தனியே சொல்லலாம். கோபிப்பார்கள். சில வேளை இடமாற்றமும் வரும். அந்த விலையைத் தெரிந்துகொண்டே சொல்லுங்கள்.

‘நம்முடைய சபைப் பிள்ளை’ என்று தகுதியில்லாதவரை வேலைக்கு எடுப்பதும், சபைத் தச்சரிடம் இலவசமாக வேலை வாங்குவதும் தவறு என்று விளக்க வேண்டியதில்லை.

ஞாயிறு வேலை பலரை நெருக்குகிறது. பாசிக்குடா ஹோட்டல்களில் சேரும் இளைஞர்கள் வேலை கிடைத்த பிறகு அழுவதைவிட, நேர்முகப் பரீட்சையிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்கும்போது மாற்றாக எதையாவது கொடுக்கவும் ஆயத்தமாயிருங்கள். வெசாக், தீபாவளி, பெருநாள் வேலை முறைகளை நீங்களே ஏற்கலாம்.

அந்த அம்மாவைக் கண்ட நாளுக்குப் பிறகு நான் எட்டு இருபதுக்கே கதிரையில் இருந்தேன். விடுமுறை முடிந்து வந்த நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் திரும்பி வரும்வரை அவருடைய கருமபீடத்தை நான் பார்த்துக்கொண்டேன்.