சேலம் வெயிலிலும் ஏற்காடு மேகத்திலும் யூக்கா வளர்ப்பது எப்படி?

சித்திரை, வைகாசியில் சேலம் மொட்டை மாடியில் பகல் முழுக்க நின்றும் வாடாத செடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது யூக்காவைத்தான். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்கள். மொஜாவி பாலைவனத்தில் நிற்கும் ஜோஷுவா மரமும் ஒரு யூக்கா இனமே. வீடுகளில் இது செத்துப்போவதற்கு முக்கியக் காரணம், நாம் பாசத்தோடு ஊற்றும் அதிகத் தண்ணீர்.

படி 1: செடி வாங்குதல்

வீட்டுக்கு ஏற்றது, இலை நுனி குத்தாத யூக்கா எலிஃபேன்டைப்ஸ். யூக்கா அலோயிஃபோலியாவின் இலை நுனி ஊசி போல் இருக்கும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். நாய், பூனை இலையைக் கடித்தால் அதிலுள்ள சபோனின் என்ற நச்சுப்பொருளால் வாந்தி வரும், எட்டாத இடத்தில் வையுங்கள். வாங்கும்போது தண்டின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஏற்காட்டு நர்சரியில் வாங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிழல்வலைக்குள் குளிர்ச்சியாக வளர்ந்த செடியை நேரே சேலம் வெயிலில் வைத்தால் இலையில் வெளிறிய திட்டுகள் விழும். முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள்.

படி 2: தொட்டியும் மண்ணும்

மண்தொட்டிதான் என் தேர்வு. பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும், தொட்டி கனமாக இருப்பதால் நிமிர்ந்து வளரும் செடி காற்றில் சாயாது. இப்போதிருக்கும் வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் மண் காயவே காயாது.

செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் அரைப் பங்கு கலந்துகொள்ளுங்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் அதிலுள்ள தூளைச் சலித்து நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண் இறுகிவிடும். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும், இந்தச் செடிக்கு அது ஆகாது. அடியில் ஜல்லி அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில் ஈரம் தேங்கத்தான் செய்யும். துளை மேல் ஓர் ஓட்டுச்சில்லு வைத்தால் சரி.

பழைய தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். நடும்போது வேர் அறுபட்ட காயம் அதற்குள் ஆறிவிடும்.

படி 3: தண்ணீர்

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை மூன்று அங்குலம் மண்ணுக்குள் செருகி, சில நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி ஈரமாக இருந்தாலோ மண் ஒட்டியிருந்தாலோ ஊற்ற வேண்டாம். காய்ந்து வந்தால், அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பது கெடுதல். மேல்மண் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும், அடிவேருக்கு நீர் எட்டாது.

சேலம் கோடையில் வாரம் ஒருமுறை தேவைப்படலாம். ஆவணி முதல் ஐப்பசி வரை மழையே பார்த்துக்கொள்ளும். அடைமழை என்றால் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் கதை வேறு. மேகம் இறங்கும் நாட்களில் மண் இரண்டு மூன்று வாரமானாலும் காயாது. அங்கே மழைக்காலம் முழுக்கக் கூரைக்கடியில், வெளிச்சம் அதிகம் விழும் பக்கம் வைப்பதுதான் பாதுகாப்பு.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளைப் படலம் படியும், இலை நுனி கருகும். அவ்வப்போது மழைநீரையோ குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரையோ நிறைய விட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

கீழ் இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயல்பு, பயப்பட வேண்டாம். நடுக்குருத்து மஞ்சளாகி, தண்டும் கொழகொழவென்றிருந்தால் வேர் அழுகிவிட்டது. அப்போது கெட்டியாக உள்ள மேல்பகுதியை வெட்டிக் காப்பாற்றலாம். முறை கடைசிப் படியில்.

படி 4: வெளிச்சம், உரம், பூச்சி

வீட்டுக்குள் என்றால் ஜன்னலை ஒட்டியே வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். இலை இடுக்கில் மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

படி 5: வெட்டி நட்டு இன்னொரு செடி

அளவுக்கு மீறி உயர்ந்த தண்டை வேண்டிய உயரத்தில் வெட்டுங்கள். அடிக்கட்டை துளிர்க்கும். வெட்டிய துண்டை நிழலில் நாலைந்து நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் மணல் கூடுதலான கலவையில் நடுங்கள். தலைகீழாக நட்டால் வேர்விடாது, அதனால் வெட்டும்போதே மேல்பக்கத்தில் அடையாளம் வைத்துவிடுங்கள். சேலத்தில் மாசியில் நடலாம், ஏற்காட்டில் பங்குனி வரை பொறுங்கள். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதுவரை பிடுங்கிப் பார்க்காதீர்கள்.