இன்னும் ஒரு பந்தைத் திருப்பி அனுப்புங்கள்: டென்னிஸ் பழகுவோருக்கான எளிய உத்திகள்

வார இறுதியில் டென்னிஸ் ஆடுவோரின் ஆட்டத்தையோ சிறுவர் போட்டியையோ சற்று நேரம் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பெரும்பாலான புள்ளிகளை யாரும் அடித்து வெல்வதில்லை. பந்தை வலையிலோ கோட்டுக்கு வெளியிலோ அடித்து எதிராளிக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே இந்த நிலையில் இருப்பவர்கள் அபாரமான அடிகளைத் தேடி அலைவதைவிட, எதிராளியைவிட ஒரு பந்தைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும் வழியைத் தேடுவதே பயன் தரும்.

அதற்கு முதல் வழி, குறுக்காக அடிப்பது, அதாவது கிராஸ் கோர்ட். வலையின் உயரம் கம்பங்களின் அருகே மூன்றரை அடி. நடுவில் 3 அடிதான். குறுக்காகச் செல்லும் பந்து இந்தத் தாழ்ந்த நடுப்பகுதியை ஒட்டித்தான் பெரும்பாலும் கடக்கிறது. மேலும், ஆடுகளத்தின் நீளம் 78 அடி என்றால், ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 82 அடி. பந்து உள்ளே விழுவதற்கு நான்கு அடிக்கும் மேல் கூடுதல் இடம் கிடைக்கிறது. இவற்றைவிட முக்கியமானது அடித்த பிறகு ஓடவேண்டிய தூரம். வலது மூலையிலிருந்து குறுக்காக அடித்தால், எதிராளி எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டிப் பிடிப்பதற்கு ஏற்ற இடம் நடுப்புள்ளிக்குச் சற்று வலப்புறத்திலேயே அமைந்துவிடும். சில எட்டுகளில் அங்கே போய்ச் சேரலாம். அதே பந்தைக் கோட்டை ஒட்டி நேராக அடித்தாலோ, நடுப்புள்ளியையும் தாண்டி இடப்புறம் வரை ஓடியாக வேண்டும். பலர் மூச்சு வாங்குவதற்குக் காரணம் வயது அன்று, இந்தத் தேர்வுதான். நேராக அடிக்கும் அடியை, பந்து குட்டையாக, அதாவது வலைக்கு அருகே விழுந்து, நீங்கள் பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் பின்கோட்டுக்கு) உள்ளே நிலையாகக் கால் ஊன்றி நிற்கும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது உயரம். பேஸ்லைனில் நின்று ஆடும்போது பந்து வலைக்கு மேல் மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில் செல்லட்டும். வலையை உரசிச் செல்லும் பந்து பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் பெரும்பாலும் குட்டையாகவே விழும். வலைக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே குறுக்காக ஓடும் சர்வீஸ் கோட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையே 18 அடி இருக்கிறது. அந்தப் பகுதியில் பந்தை விழவைத்துக்கொண்டே இருந்தால், எதிராளியால் முன்னேறி வந்து தாக்க முடியாது.

சர்வ் விஷயத்தில் நான் அடிக்கடி காண்பது இது: 30-40 என்ற நிலையில், அதாவது இன்னும் ஒரு புள்ளியை இழந்தால் கேமே பறிபோகும் நேரத்தில், முதல் சர்வை முழு பலத்தோடு அடித்து வலையில் மாட்டிவிட்டு, பயத்தில் இரண்டாவதை மட்டையால் மெல்லத் தள்ளிவிடுவார்கள், எதிராளி இரண்டடி முன்னே வந்து காத்திருந்து அதை அடித்து முடித்துவிடுவார். முதல் சர்வையே முக்கால் வேகத்தில், எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கமோ (மட்டை பிடிக்கும் கைக்கு மறுபுறம்) உடலை நோக்கியோ அடிப்பது நல்லது. இரண்டாவது சர்வில் மட்டையின் வீச்சைக் குறைக்காமல், அந்த வேகத்தைப் பந்தின் சுழற்சிக்குக் கொடுங்கள். வேகமான சர்வ் இல்லாமலேயே இந்திய வீரர் ரமேஷ் கிருஷ்ணன் 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பனிலும் 1986இல் விம்பிள்டனிலும் காலிறுதி வரை சென்றார். பந்தை எங்கே வைப்பது என்று அறிந்த கை அவருடையது.

எதிராளியின் பலவீனத்தை ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி அடிகளிலேயே கண்டுகொள்ளலாம். தோள் உயரத்துக்கு எழும் பேக்ஹேண்டில் தடுமாறுகிறாரா, வலைக்கு வரத் தயங்குகிறாரா என்று பாருங்கள். ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும். ஆட்டம் முழுவதும் அதையே சோதிக்கலாம்.

சிறுவர்களுக்கு இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லக் கூடாது. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அறிவுரையே அதிகம். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2012இல் விதியே கொண்டுவந்தது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறப் பந்துகள் மெதுவாக வருவதோடு தாழ்வாகவும் எழும்புவதால், குழந்தை தன் இடுப்பு உயரத்தில் பந்தைச் சந்தித்து, எங்கே அடிக்கலாம் என்று யோசிக்க நேரம் பெறுகிறது. தலைக்கு மேல் எழும் பந்தோடு போராடும் குழந்தைக்கு உத்தியைப் பற்றிய நினைப்பே வராது. பெற்றோர் அவசரப்பட்டு மஞ்சள் பந்துக்கு மாற்றிவிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இரட்டையர் ஆட்டத்தில் சந்தேகம் வந்தால் எதிரணியினர் இருவருக்கும் நடுவே அடியுங்கள். யார் எடுப்பது என்ற தயக்கமே பல புள்ளிகளைப் பெற்றுத் தரும். உங்கள் பக்கம் அந்தக் குழப்பம் நேராதிருக்க, நடுவே வரும் பந்து, அதை ஃபோர்ஹேண்டில் (மட்டை பிடிக்கும் கைப்பக்கமாக) அடிக்கக்கூடியவருடையது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். வலையருகே நிற்பவர் தொல்லை கொடுத்தால் அவர் தலைக்கு மேல் உயரமாக லாப் போடுங்கள். அது அவரைத் தாண்டியதும் நீங்கள் இருவரும் சேர்ந்தே வலையை நோக்கி முன்னேறுங்கள்.