புரொப்பேன் ஹீட் பம்ப்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜெர்மனியில் வீட்டைச் சூடாக்கும் பழைய எரிவாயு பாய்லரை அகற்றிவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் வைக்க எண்ணுபவர், அதற்குள் ஓடி வெப்பத்தைச் சுமக்கும் குளிர்பதன வாயு எது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். ஆர்-410ஏ என்னும் செயற்கைக் கலவை ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 2,088 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். ஆர்-32க்கு அந்த எண் 675. ஆர்-290 எனப்படும் புரொப்பேனுக்கோ மூன்றுக்கு மேல் இல்லை. புரொப்பேன் போன்ற இயற்கையான குளிர்பதன வாயுக்களில் இயங்கும் ஹீட் பம்புகளுக்கு மட்டுமே 2028 முதல் மானியம் என்று அந்நாட்டு மானிய விதிகளும் வகுத்துள்ளன.

கரியமில வாயுவும் இயற்கையான குளிர்பதன வாயுதான். 2001 முதல் ஜப்பானில் விற்பனையாகும் ‘எகோக்யூட்’ நீர்ச்சூடேற்றிகள் அதில்தான் இயங்குகின்றன. ஆனால் குளிர்ந்த நீரை ஒரே மூச்சில் கொதிநிலைக்கு அருகே கொண்டுசெல்வதே அதன் பலம். அறையைச் சூடாக்கும் வெந்நீர்த் தகடான ரேடியேட்டரிலிருந்து வெதுவெதுப்பாகத் திரும்பும் நீரை மீண்டும் மீண்டும் சூடாக்கும் வேலையில் அதன் திறன் சரிந்துவிடும். ஆகவே, வீட்டைச் சூடாக்குவதற்குப் புரொப்பேனே பொருத்தம்.

புரொப்பேன் 70 பாகை வரை நீரைச் சூடாக்கும் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மையே. எனினும், முடியும் என்பதற்காக அப்படி ஓட்டுவது மின்கட்டணத்தை வலிய வரவழைப்பதாகும். நீரின் வெப்பநிலை ஒரு பாகை கூடினாலே மின்செலவு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடும். எனவே, கடுங்குளிர் நாளொன்றில் இப்போதுள்ள பாய்லரின் நீர் வெப்பநிலையை 55 பாகைக்குக் குறைத்து, அறைகள் போதிய அளவு சூடாகின்றனவா என்று பாருங்கள். குளிராகவே இருக்கும் அறையில் மட்டும் ரேடியேட்டரைப் பெரியதாக மாற்றினால் போதும். பல வீடுகளில் அதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

இடம் தேர்வதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். புரொப்பேன் தீப்பற்றக்கூடியது, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். குளிர்பதனத்துக்கான புரொப்பேனில் சமையல் எரிவாயுவைப் போல மணமூட்டி சேர்க்கப்படாததால், மூக்கை நம்பியும் பயனில்லை. இதனால், முழு வாயுச்சுற்றும் வீட்டுக்கு வெளியே நிற்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கி, நீர்க்குழாய்கள் மட்டும் உள்ளே வரும் ‘மோனோபிளாக்’ வகையைத் தேர்வது நல்லது. பெட்டியைச் சுற்றித் தயாரிப்பாளர் கையேட்டில் குறித்துள்ள பாதுகாப்பு எல்லைக்குள் சன்னல், கதவு, நிலவறைத் திறப்பு, சாக்கடை வாய், மின்சுவிட்சு எதுவும் இருக்கக் கூடாது. வாயுவும் நீரும் வெப்பம் பரிமாறும் தகட்டில் ஓட்டை விழுந்தால், வாயு நீரோடு கலந்து வீட்டுக்குள் வந்துவிடும் என்பது பலர் நினைத்துப் பார்க்காத வழி. அதைத் தடுக்கும் வாயுப் பிரிப்பான் பெட்டிக்குள்ளேயே உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

வேறு வாயுவுக்காக வடிவமைத்த பழைய இயந்திரத்தில் புரொப்பேனை நிரப்பித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதன் மின்பாகங்கள் தீப்பொறிக்கு எதிராக அமைக்கப்பட்டவை அல்ல. வெளியே செல்லும் நீர்க்குழாய்கள் மின்வெட்டின்போது உறைந்து வெடிக்காமலிருக்க, உறைவுத் தடுப்பு வால்வையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.