ஊருணிக் கரையில் காடு வளர்க்க: முதல் முறை இறங்குபவர்களுக்கு

மரக்கன்று வாங்குவதில் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் ஊர் ஊருணிக் (ஊர்க் குளத்துக்) கரையில் 60 கன்று நட்டோம், போட்டோ எடுத்தோம், வடை தின்றோம். மாசியில் போய் எண்ணினால் 11 நின்றது. மீதி ஆட்டு வயிற்றில். ஆட்டைக் குறை சொல்லி என்ன, கரையில் வேறு பச்சையே இல்லை.

ஆகவே முதலில் ஆடு மேய்ப்பவரைப் போய்ப் பாருங்கள். மறு வருஷம் கேட்டபோது எங்களிடம் அவர் சொன்னது: "வடகரைய விட்டுர்றேன் தம்பி. தெக்க மட்டும் அடைச்சிராதீக, தண்ணிக்கு அங்கதான் எறக்கணும்." வரைபடமே அதுதான். வடகரையில் மட்டும் நட்டோம். காவலும் அவரே.

அடுத்தது அனுமதி. ஊருணி ஊராட்சியுடையதா, கோயிலுடையதா என்று விசாரியுங்கள். கண்மாய் (பாசன ஏரி) என்றால் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை பெரும்பாலும் நீர்வளத் துறை கையில், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். எழுதி வாங்கிவிடுங்கள். வெட்டும் சீமைக் கருவேல விறகை அனுமதி இல்லாமல் கரிமூட்டத்துக்கு விற்கவே கூடாது, அங்கேதான் ஊரில் சண்டை முளைக்கும்.

பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரோடு கரையைச் சுற்றி நடங்கள். சூரை, காரை, ஆவாரை எல்லாம் பார்க்க வெறும் புதர்தான், ஆனால் கொண்டைக்குருவிக்குச் சூரைப் பழமும் காரைப் பழமும்தான் சாப்பாடு. இருப்பதற்கு ரிப்பன் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆர்வக்கோளாறில் எவராவது வெட்டிவிடுவார். காரைச் செடியால்தான் காரைக்குடிக்கே பேர் வந்தது என்பார்கள், அதையே வெட்டினால் எப்படி?

இனி சீமைக் கருவேலம். ஆடி, ஆவணியில் மண் காய்ந்திருக்கும்போது பெரிய மரங்களை எடுத்துவிடுங்கள். தரையோடு அறுத்தால் போதாது, ஒன்றுக்குப் பத்தாகத் தழையும். சுற்றி ஓரடி தோண்டி, அடித்தூரைக் கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டும். முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும், ஷூ இல்லாதவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். கூடு இருக்கும் மரத்தைத் தொடாதீர்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். கூடு கலைந்தால் நம் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். வெட்டிய கிளைகளில் நெத்தை (முற்றிய காயை) பொறுக்கி எடுத்துவிட்டுக் காய வையுங்கள், கன்றுக்கு முள்வேலி ஆயிற்று. நெத்தோடு போட்டால் ஆடு தின்று ஊரெல்லாம் விதைக்கும்.

ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் நடவு. செம்புறாங்கல் தரையில் கடப்பாரை இறங்காது. முதல் நாள் மாலை இரண்டு குடம் ஊற்றி வைத்து, காலையில் ஒன்றரை அடிக்குக் குழி வெட்டுங்கள். கரையடியில் நீர்மருது, நாவல், புங்கம். மேட்டில் இலுப்பை, வேம்பு, ஆத்தி. வரத்துக்கால் (ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) மேல் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் வர வழி விடுங்கள்.

நடும் நாளுக்கு 50 பேர் வருவார்கள். தை பிறந்தால் ஐந்து பேர். அந்த ஐந்து பேரைத்தான் இப்போதே தேட வேண்டும். ஆளுக்குப் பத்துக் கன்று, கன்றுக்கு வாரம் இரண்டு குடம், அடுத்த மழை வரை. எங்கள் ஊரில் முறை தவறாமல் ஊற்றுவது இரண்டு ஆச்சிமார், ஊருணிக்கு வரும்போதே ஊற்றிவிடுவார்கள். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது: மண்ணில் ஈரம் இருக்கும்போது சீமைக் கருவேலக் குட்டிச் செடிகள் இழுத்தால் வேரோடு வந்துவிடும்.

பனை விதையும் கரையோரம் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றலாம். அதற்குத் தண்ணீர் கவலை இல்லை, ஆனால் பொங்கல் நெருங்கினால் கிழங்கைத் தோண்டிவிடுவார்கள். நாங்கள் ஒரு மூலையில் தனியாக ஒரு பாத்தி போட்டு, "இது உங்களுக்கு, அவிச்சுத் தின்னுங்க" என்று பிள்ளைகளிடம் காட்டிவிட்டோம்.