வெளி வீதியில இருந்து பொற்றாமரை வரைக்கும்: முடிவே இல்லாத ஜூம் படம் வரையுறது எப்படி

ஒரு படத்துக்குள்ள போய்க்கிட்டே இருப்போம், அதுக்குள்ள இன்னொரு படம் இருக்கும், அதுக்குள்ள இன்னொண்ணு, கடைசில பாத்தா கிளம்புன இடத்துக்கே வந்து நிப்போம். இன்ஃபினிட் ஜூம்னு சொல்றாங்கள்ல, அதைத்தான் இன்னைக்கு வரையப் போறோம். சலூன்ல முன்னாடியும் பின்னாடியும் கண்ணாடி மாட்டியிருந்தா நம்ம தலை வரிசையா உள்ள போய்க்கிட்டே இருக்கும்ல, ஐடியா அவ்வளவுதான், ரொம்பப் பழசு. 1904லயே ட்ரோஸ்டேங்கற டச்சு கம்பெனியோட கோகோ டப்பாவுல ஒரு நர்ஸம்மா கையில தட்டு, தட்டுல அதே டப்பா, அந்த டப்பாவுல அதே நர்ஸம்மான்னு படம் போட்டாங்க. 2004ல நெட்ல வந்த ஜூம்குவில்ட்டை பல ஓவியர்கள் ஆளுக்கொரு துண்டா வரைஞ்சு கோத்தாங்க. நம்ம தனி ஆளா, அஞ்சு படம் மட்டும் வச்சு செய்வோம்.

எதை வரையுறதுன்னு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல, ஏன்னா எங்க ஊரு மதுரையே அப்படித்தான் கட்டியிருக்கு. மீனாட்சியம்மன் கோயில் மதிலுக்குள்ள ஆடி வீதி, மதிலுக்கு வெளிய சித்திரை வீதி, அதைச் சுத்தி ஆவணி மூல வீதி, அதைச் சுத்தி மாசி வீதி, கடைசியா வெளி வீதி. சதுரத்துக்குள்ள சதுரம், அதுக்குள்ள சதுரம். சின்ன வயசுல இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுல இறங்கி கோயிலுக்கு நடக்கறப்பெல்லாம் நம்ம ஒரு ஜூம் வீடியோவுக்குள்ளதான் நடந்திருக்கோம்னு இதை வரைய ஆரம்பிச்சப்பறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

பிளான்

பேப்பர்ல அஞ்சு கட்டம் போட்டு எழுதிக்கோங்க. என்னோடது இது: முதல் படம், மேல இருந்து பாக்குற ஊர், வெளி வீதியும் மாசி வீதியும், மாசி வீதியில சித்திரைத் திருவிழா தேர். ரெண்டாவது, ஆவணி மூல வீதியும் சித்திரை வீதியும், பூக்கடை, வளையல் கடை, கூட்டம். மூணாவது, ஆடி வீதி, நாலு பக்கமும் கோபுரம். நாலாவது, பொற்றாமரைக் குளம், சுத்திப் படிக்கட்டு. அஞ்சாவது, குளத்து நடுவுல இருக்குற தங்கத் தாமரை.

அஞ்சுல இருந்து மறுபடி ஒண்ணுக்கு எப்படிப் போறதுங்கறதுதான் ரொம்ப நாள் என்னை உக்கார வச்ச கேள்வி. தாமரைக்குள்ள போனா ஊர் எப்படி வரும்? வழி பரிபாடல்ல இருந்துச்சு. மதுரை ஒரு தாமரைப் பூ மாதிரி, தெருவெல்லாம் அதோட இதழ், கோயில் நடுவுல இருக்குற பொகுட்டுன்னு (பூவுக்கு நடுவுல விதை இருக்குற பகுதி) அதுல வரும். அப்புறம் என்ன, தாமரையோட பொகுட்டுக்குள்ள போனா அங்கயும் ஒரு தாமரை விரியுது, அந்தத் தாமரைதான் ஊரு, முடிஞ்சுச்சு. உங்க படத்துலயும் இந்தக் கடைசி வாசலை முதல்ல கண்டுபிடிச்சிருங்க, மத்த நாலும் தானா அமையும். வாசலா எதை வைக்கலாம்னா ஜன்னல், கண்ணு, கிணறு, டம்ளருக்குள்ள தெரியுற ஜிகர்தண்டா, எதுவா இருந்தாலும் சரி, நடுவுல இருக்கணும், ஓரம் மழுங்கலா இருக்கணும்.

ஒரு விஷயம், கோயிலுக்குள்ள போன் கொண்டு போக முடியாது. அதனால குளத்தை நல்லா கண்ணால பாத்துட்டு, படிக்கட்டு எத்தனை வரிசையா தெரியுது, வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு மனசுல வாங்கிட்டு, வெளிய வந்து கிழக்குச் சித்திரை வீதியில உக்காந்து நோட்டுல போட்டேன். போட்டோ பாத்து வரைஞ்சதை விட அது நல்லா வந்துச்சு.

கேன்வாஸ்

நான் யூஸ் பண்றது கிரிட்டாங்கற வரையுற சாஃப்ட்வேர், ஃப்ரீ, பழைய லேப்டாப்லயும் ஓடும். மொபைல்ல வரையுறவங்க ஐபிஸ் பெயின்ட்ல இதையே செய்யலாம், லேயரும் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற கண்ணாடித் தாள் மாதிரி) டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியும் (அழிச்ச இடம் வெள்ளையாகாம காலியாவே இருக்குற ஃபைல்) இருந்தா போதும்.

கேன்வாஸ் சதுரமா 2160க்கு 2160 பிக்சல். வீடியோவை 1080க்கு 1080ல எடுப்போம், அதனால படம் அதை விட ரெண்டு மடங்கு இருக்கட்டும். இப்ப ஒரு லேயர்ல நடுவுல 540 பிக்சல் சதுரம் ஒண்ணு போடுங்க, இடமும் வலமும், மேலயும் கீழயும் 810ல ஆரம்பிச்சு 1350ல முடியும். அதுதான் வாசல். ஒவ்வொரு படமும் அதுக்கு வெளிய இருக்குற படத்துல நாலுல ஒரு பங்கா இந்தச் சதுரத்துக்குள்ள உக்காரும். இந்த ஃபைலை டெம்ப்ளேட்டா சேவ் பண்ணிட்டு அஞ்சு காப்பி எடுத்துக்கோங்க.

ஏன் அஞ்சு ஃபைல், ஒரே ஃபைல்ல நடுவுல சின்னதா வரைஞ்சுட்டுப் போகக் கூடாதான்னு கேப்பீங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் செஞ்சேன், ரெண்டு ராத்திரி உக்காந்து வரைஞ்சு வீடியோ எடுத்துப் பாத்தா குளத்துக்கிட்ட வர்றப்ப எல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. பிக்சல் எண்ணிக்கை மாறாது, நம்ம பெருசாக்குறப்ப அதே பிக்சல்தான் ஊதுது. வெக்டர்ல வேலை செய்யுற ஆப்கள்ல கோடு பிக்சலா இல்லாம கணக்கு ஃபார்முலாவா சேவ் ஆகும், அதனால உடையாது, ஆனா பிரஷ்ல கலர் பூசி வரையுற நம்ம முறைக்கு ஒவ்வொரு படமும் முழு சைஸ்ல தனியா இருந்தே ஆகணும்.

உள்ள இருந்து வெளிய வரைங்க

எல்லாரும் தப்பு பண்ற இடம் இது. பாக்குறவங்க வெளிய இருந்து உள்ள போவாங்க, நம்ம உள்ள இருந்து வெளிய வரணும். முதல்ல அஞ்சாவது படம், தாமரை. நடுவுல பொகுட்டு இடத்தை வெறும் மஞ்சளா விட்டுருங்க. முடிச்சதும் சாஃப்ட் இரேசர் எடுத்து நாலு ஓரத்துலயும் 150 பிக்சல் அளவுக்கு அழிங்க, நேர்கோடா அழிக்காதீங்க, இதழ் நுனிக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போகட்டும். இப்ப பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க.

அடுத்து நாலாவது ஃபைலைத் திறந்து, லேயர் மெனுவுல இம்போர்ட் லேயர் கொடுத்து அஞ்சாவது படத்தைக் கொண்டு வாங்க. கன்ட்ரோல் டி (Ctrl+T) அழுத்தி அகலம் 25, உயரம் 25 சதவீதம்னு டைப் பண்ணுங்க, கையால இழுத்துச் சின்னதாக்காதீங்க, ஒரு பிக்சல் தள்ளிப் போனாலும் வீடியோல குதிக்கும். வாசல் சதுரத்தோட சரியா பொருந்துதான்னு பாத்து லேயரைப் பூட்டிருங்க. இப்ப அதுக்குக் கீழ புது லேயர் போட்டு குளத்தை வரைங்க, தாமரையோட ஓரம் மங்குற இடத்துல தண்ணி தெரியணும்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. தாமரையை 8 பிக்சல் பிரஷ்ல வரைஞ்சிருந்தா சின்னதாக்குன பிறகு அந்தக் கோடு 2 பிக்சல்தான் இருக்கும். அதுக்குப் பக்கத்துல குளத்து அலையை 8 பிக்சல்ல போட்டீங்கன்னா ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி பளிச்சுன்னு தெரியும். அதனால வாசல்கிட்ட 2 பிக்சல்ல ஆரம்பிச்சு, வெளிய வர வர 3, 5, 8ன்னு ஏத்திக்கிட்டே வாங்க. படிக்கட்டும் அப்படித்தான், தண்ணிக்கிட்ட இருக்குற படி மெல்லிசா, மேல ஏற ஏற தடிமனா. வெளிச்சம் அஞ்சு படத்துலயும் ஒரே பக்கம் இருந்து வரட்டும், எனக்கு எல்லாத்துலயும் கிழக்க இருந்து காலை வெயில்.

இதே மாதிரி நாலை மூணுக்குள்ள, மூணை ரெண்டுக்குள்ள, ரெண்டை ஒண்ணுக்குள்ள. எக்ஸ்போர்ட் பண்றப்ப உள்ள இருக்குற சின்னப் படத்தை மறைக்க வேண்டாம், அது இருந்தாதான் தூரத்துல இருந்து பாக்குறப்ப நடுவுல ஓட்டை தெரியாது. மூணாவதுல கோபுரத்துக்கு மட்டும் நேரம் எடுத்துக்கோங்க. தெற்குக் கோபுரம் 170 அடி உயரம், சுதைச் சிலை ஆயிரத்துக்கும் மேல இருக்கு, எல்லாத்தையும் வரைய வேண்டாம், நிலை நிலையா பட்டை போட்டு அதுல கலர் புள்ளி வச்சாலே கண்ணு சிலையாப் பாத்துக்கும்.

ஒண்ணாவது முடிஞ்சதும் அதை எடுத்து அஞ்சாவது படத்தோட பொகுட்டுக்குள்ள 25 சதவீதத்துல வைங்க, வெளி வீதிக்கு அங்கிட்டு இருக்குற வயலும் தோப்பும் மெல்ல மெல்ல மஞ்சளாகி பொகுட்டுல கரையணும். அஞ்சை மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணி, நாலுக்குள்ள இருக்குற பழைய அஞ்சை எடுத்துட்டு புதுசை வச்சு நாலையும் திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்க. வட்டம் பூட்டியாச்சு.

வீடியோ

டாவின்சி ரிசால்வோட ஃப்ரீ வெர்ஷன் போதும், கீஃப்ரேம் (இந்த நேரத்துல படம் இந்த சைஸ்ல இருக்கணும்னு வைக்குற குறி) வைக்க முடியுற எந்த எடிட்டரும் ஓகே. டைம்லைன் 1080க்கு 1080.

ஜூம் 1ல (படம் ஸ்க்ரீனை சரியா நிரப்புற அளவு) இருந்து 4க்கு நாலு செகண்ட்ல போகணும்னா ரெண்டு கீஃப்ரேம் வச்சா போதுமேன்னு தோணும். வச்சுப் பாருங்க, ஒவ்வொரு படமும் வேகமாக் கிளம்பி கடைசில இழுத்துக்கிட்டு நிக்கும். ஏன்னா 1ல இருக்குறப்ப 0.1 கூடுறது பத்து சதவீதம், 4கிட்ட வர்றப்ப அதே 0.1 கூடுறது ரெண்டரை சதவீதம்தான். கண்ணுக்குக் கூட்டல் தெரியாது, பெருக்கல்தான் தெரியும். அதனால ஒவ்வொரு செகண்டுக்கும் முந்துன நம்பரை 1.414ஆல பெருக்கிக்கிட்டே போங்க, ரெண்டு செகண்டுக்கு ரெண்டு மடங்கு ஆகும். ஒரு கிளிப்போட முழு கணக்கு இது: 0 செகண்ட்ல 0.25, அப்புறம் செகண்டுக்கு ஒண்ணா 0.354, 0.5, 0.707, 1, 1.414, 2, 2.828, 4, கடைசியா 9வது செகண்ட்ல 5.657.

4லயே நிறுத்தாம 5.657 வரைக்கும் ஏன் போறோம்னா, மேல வர்ற படத்தோட ஓரத்தை நம்ம அழிச்சு வச்சிருக்கோம்ல, அந்த ஓரம் ஸ்க்ரீனை விட்டு வெளிய போற வரைக்கும் கீழ இருக்குற படம் ஓடணும். எனக்கு முதல்ல ஒவ்வொரு நாலு செகண்டுக்கும் மூலையில கறுப்பா ஒண்ணு மின்னிக்கிட்டே இருந்துச்சு, காரணம் இதுதான்.

முதல் கிளிப்புக்கு இதை வச்சுட்டு காப்பி பண்ணி மத்ததுக்கெல்லாம் பேஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் கொடுங்க, கீஃப்ரேம் டைமிங் மாறாத ஆப்ஷனை எடுங்க. வரிசை 5, 1, 2, 3, 4, 5, 1, மொத்தம் ஏழு கிளிப், ஒவ்வொண்ணும் 9 செகண்ட். ஒவ்வொண்ணும் முந்துனதுக்கு நாலு செகண்ட் கழிச்சு, அதுக்கு மேல இருக்குற டிராக்ல ஆரம்பிக்கணும். கிளிப் ஆரம்பத்துல அரை செகண்ட் ஃபேட் இன் கொடுத்துருங்க, மாறுறதே தெரியாது. இப்ப 8வது செகண்ட்ல இன் பாயின்ட் (வீடியோ ஆரம்பிக்குற இடம்), 28வது செகண்டுக்கு ஒரு ஃப்ரேம் முன்னாடி அவுட் பாயின்ட் (முடியுற இடம்). ரெண்டு இடத்துலயும் ஒண்ணாவது படம் சரியா 1ல நிக்கும், அதனால 20 செகண்ட் வீடியோ எங்க முடிஞ்சு எங்க ஆரம்பிக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

எச் 264ல ரெண்டர் பண்ணி போன்ல ரிப்பீட்ல ஓட விட்டுப் பாருங்க. செகண்டுக்கு ஒரு தடவை மூச்சு விடுற மாதிரி வேகம் ஏறி இறங்குச்சுன்னா அரை செகண்டுலயும் ஒரு கீஃப்ரேம் சேருங்க: 1க்கும் 1.414க்கும் நடுவுல 1.189, அடுத்த இடைவெளில 1.682, அப்புறம் 2.378, 3.364. 1க்குக் கீழ இருக்குற இடைவெளிக்கு இதுலயே நாலுல ஒரு பங்கு, 4ல இருந்து 5.657க்கு நடுவுல 4.757.

நான் இதை முடிச்சு அக்கா மககிட்ட கொடுத்தேன், ஏழு வயசு. பாத்துக்கிட்டே இருந்தவ நாலாவது சுத்துலயோ அஞ்சாவது சுத்துலயோ "சித்தி, தேர் இன்னும் அதே இடத்துல நிக்குது"ன்னா. உண்மைதான். அடுத்து தேரை மட்டும் தனி லேயராப் பிரிச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் மாசி வீதியில கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, நாலு சுத்துல நாலு மாசி வீதியையும் சுத்தி நிலைக்கு வர்ற மாதிரி செஞ்சுக்கிட்டு இருக்கேன், 80 செகண்ட் வரும்.